கைக்குப் பழகிய குமிழ்

இப்போதெல்லாம் மனிதர்களுக்கு வேர்ப்பதற்குக்கூடத் தனி அறை வேண்டியிருக்கிறது. நான் குடியிருக்கும் கட்டடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாடி ஏறுவதற்கு லிஃப்ட் வரும்வரை செல்போனைத் தடவிக்கொண்டு நிற்பார்கள். மேலே போனதும் உடுப்பை மாற்றிக்கொண்டு, நின்ற இடத்திலேயே ஓடும் ஒரு இயந்திரத்தில் ஏறி மூச்சு வாங்குவார்கள். கீழே கொட்டகையில் அவர்களுடைய சைக்கிள்கள் காற்றிறங்கி, சீட்டில் புறா எச்சத்தோடு கிடக்கும். எதிரே வருகிற கிழவனை என்ன ஏது என்று கேட்க நேரமில்லை. எங்கும் போகாத சைக்கிளை மிதிக்க நேரமிருக்கிறது. செக்கு மாடு சுற்றினால் எண்ணெயாவது கிடைக்கும். இவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டால் கலோரி எரிந்தது என்கிறார்கள். புகையும் காணோம், சாம்பலும் காணோம்.

மூன்றாம் வகுப்போடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒட்டு விட்டுப்போயிற்று. அதன்பிறகு மில்லில் இயந்திரங்களுக்கு எண்ணெய் விட்டே காலம் ஓடியது. அதனால் படிக்காதவன், இயந்திரத்தைக் கண்டு மிரளுகிறான் என்று யாரும் நினைக்க வேண்டாம். மிரட்சி வேறு, நம்பாமை வேறு. என்னுடையது இரண்டாவது.

இது என் மச்சினனைப் பற்றிய கதை. என் மனைவியின் தம்பி. பேக்கரியிலிருந்து ரொட்டியும் பன்னும் எடுத்துக்கொண்டு சைக்கிளில் தெருத்தெருவாகப் போய்க் கடைகளுக்கும் வீடுகளுக்கும் போடுகிறவன். பின்னால் ஒரு தகரப் பெட்டி, அதை நிரப்பினால் ஒரு ஆளை உட்காரவைத்த கனம் இருக்கும். அந்தப் பாரத்தோடு அவன் சந்துக்குள் திரும்புவதைப் பார்த்தால் வண்டி அவன் பேச்சைக் கேட்கிறது என்றுதான் தோன்றும். எல்லோருக்கும் அவன் பன்னு. அவன் மனைவி செத்துப்போன பிறகு அவனைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளே இல்லாமல் போயிற்று. அவன் மகள்கூடக் கோபம் வந்தால், "இந்தப் பன்னு இருக்காரே" என்றுதான் ஆரம்பிப்பாள்.

அவனுக்குத்தான் நெஞ்சு அடைத்துக்கொண்டது. ஒரு கடை வாசலில் பெட்டியைத் திறந்து ரொட்டியை எண்ணிக்கொண்டிருந்தவன் அப்படியே பெட்டியின் மேல் சாய்ந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் ரத்தக் குழாய்க்குள் கம்பிச்சுருள் வைத்து அடைப்பை எடுத்தார்கள். பிழைத்தான். ஆனால் சைக்கிளைத் தொடக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உடம்பைப் பழக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அவன் மகள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். கெட்டிக்காரி. அப்பன் என்றால் உயிர். மூடிப்போன ஒரு உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து நகராத சைக்கிள் ஒன்றை வாங்கிவந்து ஹாலில் ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். நான் பார்க்கப் போனபோது பன்னு அதன்மேல் ஏறி உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தான்.

"வாங்க மச்சான். ஒரு ஓரமா நில்லுங்க, வண்டி வருது" என்றான்.

"வரட்டும் வரட்டும். இன்னைக்கு வருமா, நாளைக்கு வருமா?"

"நக்கலைப் பாரு. எத்தனை மைல் வந்திருக்கேன் தெரியுமா? இதோ எழுதியிருக்கு பாருங்க."

"போய்ச் சேர்ந்ததும் கடுதாசி போடு மாப்ளே."

அவன் மகள் அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்தாள். "மாமா, சிரிக்க வைக்காதீங்க. துடிப்பு ஏறும்" என்றாள்.

அந்த வண்டியை நான் குனிந்து நன்றாகப் பார்த்தேன். முன்னால் கனத்த இரும்புச் சக்கரம். சாதாரண சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் தன்பாட்டுக்கு ஓடும், கால் சும்மா இருக்கலாம். இதில் அது கிடையாது. சக்கரம் சுற்றுகிறவரை மிதியும் சுற்றும், மிதி சுற்றுகிறவரை காலும் சுற்றியாக வேண்டும். முதல் நாள் பன்னு பழைய நினைப்பில் காலை நிறுத்தப் போய், மிதி அவன் முழங்காலை வாரிவிட்டதாம். பிரேக் கைப்பிடியில் இல்லை. கைப்பிடிக்கு நடுவே, கொஞ்சம் கீழே, ஒரு சிவப்புக் குமிழ். திருகினால் சக்கரம் இறுகும். உள்ளங்கையால் ஓங்கி ஒரு அழுத்து அழுத்தினால் கப்பென்று நின்றுவிடும்.

மகள் இன்னொன்றும் செய்திருந்தாள். நெஞ்சுத் துடிப்பு எல்லை தாண்டினால் பீப் பீப் என்று கத்தும் கடிகாரம் ஒன்றை அவன் கையில் கட்டியிருந்தாள். கத்தினால் யோசிக்கக் கூடாது. அந்த நிமிஷமே குமிழை அடித்து நிறுத்த வேண்டும். அதற்கு அவள் பயிற்சி வேறு கொடுத்தாள். அவன் என்னோடு பேச்சு மும்முரத்தில் இருக்கும்போது, அடுப்படியில் இருந்தபடியே தன் செல்போனில் அதே பீப் பீப் சத்தத்தை வைத்தாள். பன்னுவின் கை தானாகப் பறந்துபோய்க் குமிழில் டப்பென்று விழுந்தது. சக்கரம் நின்றது. என்னிடம் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தையைக்கூட அவன் பாதியில் விடவில்லை.

"அப்பா பாஸ்!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"பார்த்தீங்களா?" என்றான் பன்னு பெருமையாக.

"சர்க்கஸ் குரங்குக்குக்கூட இவ்வளவு சீக்கிரம் வராதுடா" என்றேன்.

உண்மையைச் சொல்வதென்றால் அவன் தேறினான். முகத்தில் களை வந்தது. வயிறு உள்ளே போயிற்று. கெண்டைக்கால் இரும்பாக இறுகியது. என் மனைவி, "உங்க வாயில கொள்ளியை வைக்க, என் தம்பி அந்த மெஷின்லதான் எழுந்து உக்காந்தான்" என்றாள். நான் மறுக்கவில்லை. கால் தேறியது, நெஞ்சு தேறியது. சைக்கிள் ஓட்டுவது கால் மட்டும் செய்கிற வேலையா என்று கேட்டேன். நான் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது எங்கள் வீட்டில் வழக்கம்.

மழை ஓய்ந்த சமயத்தில் பேக்கரி முதலாளி ஆள் அனுப்பினார். பன்னுவின் சைக்கிளும் பெட்டியும் அதுவரை பேக்கரிப் பின்கட்டில் சும்மாதான் இருந்தன; இனி வைத்திருக்க முடியாதாம். நானும் பன்னுவும் போனோம். முதலாளி கெட்டவர் இல்லை. மாவுத் தூசி படிந்த கண்ணாடியைத் துடைத்தபடி நேராகச் சொன்னார்.

"பன்னு, உன்னை வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரலை. ஆனா வழியில விழுந்தேன்னா அந்தப் பாவத்தை நான் சுமக்க முடியாது. பெட்டியை நிரப்பித் தரேன். பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போயிட்டு வா. வந்துட்டேன்னா வேலை உன்னோடது. முடியலைன்னா வண்டியை வேற ஆளுக்குக் குடுத்துடறேன்."

"நாளைக்கே வரேன் முதலாளி" என்றான் பன்னு.

வீட்டில் அன்றைக்குச் சண்டை.

"என் சம்பளம் போதும்ப்பா. நீங்க ரொட்டி போட்டுத்தான் இந்த வீட்ல அடுப்பு எரியணுமா?"

"அடுப்புக்கா போறேன்? இந்தச் சுவரையே பார்த்துக்கிட்டு மிதிச்சு மிதிச்சு எனக்குப் பைத்தியம் பிடிக்குதும்மா. யாராவது என்னைப் பார்த்து 'ஏன் லேட்டு'ன்னு திட்டணும். அது இல்லேன்னா நான் எதுக்கு இருக்கேன்?"

"மாமா, நீங்களாவது சொல்லுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "வண்டி ஓட்டுறவன் வண்டி ஓட்டட்டும்" என்றேன். "ஆனா நாளைக்கே வேண்டாம் மாப்ளே. வெறும் வண்டியில நாலு நாள் தெருவுக்குள்ள சுத்து. அப்புறம் பாரத்தை ஏத்து."

"நாலு நாள் எதுக்கு மச்சான்? தினமும்தான் ஓட்டிக்கிட்டிருக்கேனே!"

அவன் கேலிக்குச் சொல்லவில்லை. மனதார அப்படியே நம்பினான். இயந்திரத்தின் கண்ணாடியில் தூரம் ஏறிக்கொண்டே போனதைப் பார்த்துப் பார்த்து, அத்தனை தூரமும் தான் ஓட்டியது என்றே அவன் எடுத்துக்கொண்டிருந்தான். மகளுக்கும் அதில் சந்தேகம் இல்லை. அவள் பயம் எல்லாம் நெஞ்சைப் பற்றித்தான். "கடிகாரத்தைக் கழட்டக் கூடாது" என்று மட்டும் சத்தியம் வாங்கிக்கொண்டாள். "மாமா, நீங்க கூடப் போங்க" என்றாள். நான் ஒத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பேக்கரி வாசலில் பெட்டியை நிரப்பினார்கள். சூடான ரொட்டி வாசம். அடுப்பு வேலைக்காரர்கள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து நின்றார்கள். "பன்னு அண்ணே, பார்த்து, ரோடு நகரும்!" என்று ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். பன்னுவும் சிரித்தான்.

ஏறியதும் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஹாலில் இருக்கிற வண்டி எந்தக் காலத்தில் சாய்ந்தது? அவன் காலை ஊன்றினான், மறுபடி ஏறினான். கொஞ்ச தூரம் பாம்பு போவதுபோலப் போய், பிறகு நேரானான். என்னுடைய பழைய சைக்கிளில் நான் பின்னால் போனேன். பாலத்தின் ஏற்றத்தில் அவன் மிதித்த மிதி இருக்கிறதே, எனக்கு மூச்சு முட்டியது, அவன் பாரத்தோடு சர்ரென்று ஏறிவிட்டான். கடிகாரம் கத்தவேயில்லை. உச்சியில் திரும்பிப் பார்க்காமலே கையை உயர்த்தி ஆட்டினான்.

இறக்கத்தில்தான் எனக்குத் திக்கென்றது. அவன் மிதிப்பதை நிறுத்தவில்லை. இறக்கத்தில் எவனாவது மிதிப்பானா? பாரம் ஏற்றிய வண்டி அதுவாகவே ஓடும். அவன் காலோ ஹாலில் சுற்றியதுபோலவே விடாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

"காலை விடுடா! மிதிக்காதே!" என்று கத்தினேன்.

"என்ன மச்சான்?"

"மிதிக்காதேடா, பிரேக்கைப் பிடி!"

காற்றில் அவனுக்குக் கேட்டதோ இல்லையோ. பாலத்தடியில், சரக்கு அடுக்கும் கிட்டங்கியின் வாசலிலிருந்து ஒரு லாரி பின்பக்கமாக ரோட்டுக்கு வந்துகொண்டிருந்தது. பின்னால் வரும்போது லாரிகள் சத்தம் போடுமே, பீப் பீப் என்று, அந்தச் சத்தம். தூரம் இருந்தது. நிறுத்தியிருக்கலாம். பிரேக் கட்டை எல்லாம் முதலாளி புதிதாக மாற்றித்தான் வைத்திருந்தார்.

நான் பின்னாலிருந்து பார்த்தேன். பன்னுவின் வலது கை கைப்பிடியை விட்டது. உள்ளங்கையை விரித்து, கைப்பிடிக்கு நடுவே, கொஞ்சம் கீழே, ஓங்கி அடித்தான். அங்கே ஒன்றும் இல்லை. மறுபடியும் அடித்தான். ஒரு கையில் பிடித்த வண்டி பாரத்தில் குறுக்கே திரும்பியது. லாரியின் பின்கதவில் போய் மோதினான். பெட்டி அவன்மேல் விழுந்தது.

ரோடெல்லாம் பன். சிலபேர் அவனைத் தூக்க ஓடிவந்தார்கள். சிலபேர் படம் எடுத்தார்கள். ஒருவன் பன்னைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்ததையும் நான் பார்த்தேன்.

நெஞ்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை டாக்டர் ஏதோ நல்ல செய்தி மாதிரி சொன்னார். முதுகெலும்பில் நரம்பு நசுங்கிவிட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வருமா என்று கேட்டால், "சொல்ல முடியாது, பார்ப்போம்" என்றார்.

ஆஸ்பத்திரி நடையில் அவன் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மருந்துக்கடைச் சட்டையோடு அப்படியே ஓடிவந்திருந்தாள். லாரிக்காரன்மேல் புகார் கொடுக்க வேண்டும் என்றாள். நான் பார்த்ததைச் சொன்னேன். இதையெல்லாம் சொல்லாமல் விழுங்கியிருக்க வேண்டும் என்று என் மனைவி இன்றைக்கும் திட்டுகிறாள். எனக்கு விழுங்க வராது.

"லாரி மேல தப்பில்லம்மா. அவன் பிரேக்கைப் பிடிக்கலை. குமிழை அடிச்சான்."

அவள் என்னைப் பார்த்தாள். முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"அப்ப நான் பழக்கினதாலதான்னு சொல்றீங்களா?"

"மெஷின்னு சொல்றேன்."

"மெஷினை யாரு வாங்கினது? சத்தம் வச்சு யாரு பழக்கினது?"

"அதைச் சொல்லலை."

"வேற எதைச் சொல்றீங்க? அந்த மெஷின் இல்லேன்னா அப்பா எப்பவோ போயிருப்பாரு மாமா. டாக்டரைக் கேளுங்க. ஹால்ல இருந்தவரைக்கும் அவருக்கு ஒரு கீறல் உண்டா? ரோட்டுலதானே விழுந்தாரு? ஓட்டுறவன் ஓட்டட்டும்னு நீங்கதானே சொன்னீங்க? நீங்க ஒரு வார்த்தை வேண்டாம்னு சொல்லியிருந்தா, அப்பா கேட்டிருப்பாரு. உங்களுக்கு மட்டும்தான் அவரு பயப்படுவாரு."

சொல்லியிருக்கலாம். அப்போதும் எனக்கு அது சரியாகப் படவில்லை, இப்போதும் படவில்லை. சுவரைப் பார்த்துப் பைத்தியம் பிடிக்கிறது என்று சொல்கிறவனை மறுபடி அதே சுவருக்கு அனுப்ப நான் யார்? இதை அவளிடம் சொல்லும் இடமில்லை அது. கொஞ்ச நேரம் கழித்து அவளே என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். வேறு தோள் அங்கே இல்லை.

பன்னுவை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சக்கர நாற்காலி, கட்டில், ஒரு பக்கம் மூத்திரப் பை. ஹாலில் இருந்த அந்த வண்டியை மகள் யாருக்கோ கொடுத்துவிட்டாள் போலிருக்கிறது, காணவில்லை. நான் அடிக்கடி போனேன். பேக்கரியில் வேறு ஆள் வந்துவிட்டான் என்பதை அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஜன்னல் வழியே சைக்கிள் மணிச் சத்தம் கேட்டால் மட்டும் பேச்சை நிறுத்திவிடுவான்.

போன வாரம் போனபோது ஹாலில் புது இயந்திரம் ஒன்று இருந்தது. சின்னது. நாற்காலிக்கு முன்னால் தரையில் வைப்பது. இரண்டு மிதி, உள்ளே மோட்டார். பன்னுவின் பாதங்களை மிதியோடு வைத்துப் பட்டையால் கட்டியிருந்தார்கள். மடியில் போர்வை முழங்காலுக்குக் கீழே வரை தொங்கியது. மோட்டார் மெதுவாக முனகியது. அவன் எதிரே டிவியில் ஒரு ரோடு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் மரம், ஆள் இல்லை, நாய் இல்லை, லாரி இல்லை.

"நரம்பு எழுந்துக்க வாய்ப்பிருக்குன்னு சொல்றாங்க மாமா. தினமும் கால் சுத்தணுமாம்" என்றாள் மகள். அவள் இளைத்துப்போயிருந்தாள்.

பன்னு டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கூப்பிட்டான். "மச்சான்."

"சொல்லு மாப்ளே."

"என் கால் சுத்துதா?"

போர்வையை விலக்கிப் பார்த்தேன். கெண்டைக்கால் சதை எல்லாம் போய்க் குச்சியாகியிருந்தது. பட்டைக்குள் பாதம் மேலே போனது, கீழே வந்தது.

"சுத்துது."

"நான் சுத்துறேனா, அது சுத்துதா?"

மகள் அவன் தலைக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்து வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். ஆனால் அவன் கேட்டது என்னை. சுற்றியிருக்கிற எல்லோரும் நல்லதாகவே சொல்லிக்கொண்டிருக்கும்போது, பொய் சொல்ல மாட்டான் என்றுதானே என்னைக் கேட்டான்?

"அதுதான் சுத்துது" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். "அப்படித்தான் நினைச்சேன்" என்றான். டிவியில் ரோடு ஒரு வளைவில் திரும்பியது. அவன் உடம்பு கொஞ்சம்கூடச் சாயவில்லை. "கண்ணைக் கட்டிக்கிட்டுப் போற மாதிரி இருக்கு மச்சான்."

நான் செருப்பைப் போடும்போது மகள் வாசல்வரை வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு கிசுகிசுப்பாகத்தான் சண்டை போட்டாள்.

"உங்களுக்கு ஒரு பொய்கூட வராதா மாமா? அது பொய்யும் இல்லை. அந்த மெஷின்ல இருக்கிற சின்னத் திரையில ரெண்டு கோடு வரும். ஒண்ணு மோட்டாரோட பலம், இன்னொண்ணு அப்பாவோட பலம். நேத்து அப்பாவோட கோடு கொஞ்சம் ஏறிச்சு. என் கண்ணால பார்த்தேன். வாங்க, காட்டுறேன்."

"கோடு போடுறது யாரு?"

"மெஷின்."

"அதான் கேட்டேன்."

"அப்பா பலத்தை அளந்துதான் போடுது!"

"அவனுக்கே தெரியாத பலம் அதுக்கு எப்படித் தெரியும்? அவனைக் கேளு. அவன் ஏறிச்சுன்னு சொன்னா நான் வந்து பார்க்கிறேன்."

"நீங்க எதைத்தான் நம்புவீங்க?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டாள்.

அவள் நம்பட்டும். அவளுக்கு அது வேண்டும். அது இல்லாவிட்டால் காலையில் எழுந்து அந்தப் பையை மாற்றி, அப்பன் முகத்தைத் துடைத்துவிட்டு வேலைக்குப் போக அவளால் முடியாது. நாளைக்கே அவன் கட்டைவிரல் அசைந்தாலும் அசையலாம். எனக்கும் ஆசைதான். ஆனால் ஆசைப்படுகிறேன் என்பதற்காக ஒரு மோட்டார் காட்டுகிற கோட்டை நம்ப முடியுமா?

"வரேம்மா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். "மாமா, ஒரே ஒரு தடவை வந்து பாருங்களேன்" என்று மேலேயிருந்து கூப்பிட்டாள். நான் நிற்கவில்லை.